பழைய கணக்கும் புதிய லேப்டாப்பும்

நம் வணிகர்களில் பலர் டாஸ், விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பில்லிங் புரோகிராமை இன்றும் விடவில்லை. பல ஆண்டுப் பற்று வரவு அதில்தான் இருக்கிறது. ஆனால், புதிய லேப்டாப்புகளில் வரும் விண்டோஸ் 11-ல் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. எக்ஸ்பி காலத்தவையும் சில மக்கர் செய்யும். ஆகவே, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளைப் போட்டு, புதிய கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பது போல் அமைத்துத் தருகிறார்கள். இதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர்.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது நன்றாக ஓடும் இந்த ஏற்பாடு, கரண்ட் போய் பேட்டரிக்கு மாறியதும் மந்தமாவதுண்டு. உடனே புரோகிராம் பழுது என்று முடிவு கட்டிச் செலவில் இறங்க வேண்டாம்.

பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காக லேப்டாப் தன் பிராசசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கோ இது தெரியாது. கடைக்குள் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட்டது போலத்தான் இது. உள்ளே இருப்பவர் எத்தனை சுவிட்சைப் போட்டாலும் மெயின் சுவிட்ச் கடைக்காரர் கையில். எனவே எக்ஸ்பிக்குள் பவர் அமைப்பை மாற்றிப் பயனில்லை. வெளியே உள்ள விண்டோஸில்தான் மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள். பேட்டரியைச் சேமிக்கும் வசதி தானாக விழுந்திருந்தால் அணையுங்கள்.

2. பில் போடும் நேரத்தில் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

3. டாஸ் புரோகிராம் சும்மா இருக்கும்போதும் பிராசசரை ஓயாமல் வேலை வாங்கும். லேப்டாப் சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூட்டைகளுக்கு நடுவே, காற்றுத் துவாரம் அடைபடும்படி வைக்கக் கூடாது.

4. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். திறந்த பின் உள்ளே இருக்கும் கடிகாரம் பின்தங்கியிருக்கக்கூடும். பில் தேதியைச் சரிபார்த்த பிறகே தொடருங்கள்.

வேகம் குறைவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் முழுவதும் வெளியே ஒரே ஃபைலாகத்தான் இருக்கிறது. பில் பதிவாகும்போது பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தால் அந்த ஃபைலே கெடலாம். பேரேடும் அதோடு போகும். ஆகவே, கடை சாத்துமுன் உள்ளே இருக்கும் விண்டோஸை முறையாக மூடிவிட்டு, அந்த ஃபைலை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். வேகத்தை மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். போன பாக்கிக் கணக்கை யாரிடம் கேட்பது?