மலையின் காலடியில் ஒரு நாள்

ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் ஆல்ப்ஸ் மலைச்சாரல் நகரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இலேசில் நிறுத்துவதில்லை. ஆஸ்திரியா தேசத்து இன்ஸ்புருக் நகரின் பெரிய கடைத்தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே மலை எழுந்து நிற்குமாம். மலைக்கும் நகரத்துக்கும் அவ்வளவு நெருக்கம். கேட்கிற நமக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆசை தீர்வதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து கொல்லம் சாலையில் இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்தால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் தெருவில் நின்று மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கிறது. பனி இல்லைதான், பனிக்குப் பதிலாக மேகம் உண்டு.

இந்த ஊர்களுக்கு யாத்திரிகர்கள் வராமல் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு, அடுத்த வண்டியில் ஏறிவிடுகிறார்கள். மலையைப் படத்துக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகவே அவர்கள் பார்க்கிறார்கள். அது திரைச்சீலை அல்ல, நாடகத்தின் கதாநாயகனே அதுதான் என்பதை நமக்குக் காட்டியவர்கள் கிருஷ்ணன்கோவில் நண்பர்கள் இருவர்.

கிருஷ்ணன்கோவிலில் புறப்பாடு

கிருஷ்ணன்கோவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 12 கிலோ மீட்டர் தூரத்தில் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். வத்திராயிருப்புக்கும் சதுரகிரி மலையடிவாரத்துக்கும் போகிறவர்கள் இங்கேதான் கிளைச் சாலையில் திரும்புவார்கள். சுதந்தரப் போராட்டத் தியாகியான கலசலிங்கம் அவர்கள் 1984-ல் இங்கே ஒரு பொறியியல் கல்லூரியை நிறுவினார். அது இன்று பல்கலைக் கழகமாக வளர்ந்திருக்கிறது.

நம்முடைய நண்பர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மற்றவர் அவருடைய மைத்துனர். மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கும் விவசாயி. ஆசிரியருக்குக் காட்டின் மீது அளவற்ற பக்தி. மைத்துனருக்கோ காட்டின் மீது பெரிய வழக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் வண்டியில் உட்கார்ந்து ஒரு நாள் பூராவும் ஊர் பார்ப்பது என்றால், பொழுது போவதற்குக் குறைவு ஏது?

அணிலின் அரண்மனை

விடியற்காலையிலேயே செண்பகத்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை இறங்கித் தரையைத் தொடும் இடம் அது. இங்கிருந்து உள்ளே காட்டழகர் கோயிலுக்குப் பாதை போகிறது. வனத்தோடு பழகி வாழும் பளியர் குடியிருப்பு ஒன்றும் இங்கே உண்டு.

"சத்தம் போடாமல் மேலே பாருங்கள், ஐயா!" என்றார் ஆசிரியர்.

ஒரு பெரிய புளிய மரத்தின் உச்சியில் கிளை அசைந்தது. முதலில் ஒரு வால் தெரிந்தது. பிறகு அந்த வாலுக்கு உரிய பிராணி தெரிந்தது. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஓடும் அணிலை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாந்து போவோம். முகத்திலிருந்து வால் நுனி வரையில் இரண்டரை அடி நீளம். நரைத்த பெரியவரைப் போன்ற சாம்பல் நிறம். இதைத்தான் சாம்பல் நிற மலை அணில் என்றும், நரை அணில் என்றும் சொல்கிறார்கள். உலகத்திலேயே தென்னிந்தியாவில் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே இது வாழ்கிறது. இதற்காகவே 1988-ல் இந்த மலைச்சரிவைச் சரணாலயம் ஆக்கினார்கள்.

இந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே பிரயாணம் செய்யும். பக்கத்து மரங்களின் கிளைகள் தன் மரத்தோடு பின்னிக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். எதிரி வந்தால் எந்தப் பக்கமும் தப்பிப் போகலாம் அல்லவா? ஆகையால் வரிசையில் ஒரு மரத்தை வெட்டினால் அணிலுக்கு ஒரு மரம் மட்டும் நஷ்டமாவதில்லை. அதன் ராஜபாட்டையே அறுந்துபோகிறது.

"காடு என்றால் மரங்களின் கூட்டம் என்று நினைக்கிறோம். அணிலைக் கேட்டால், மரங்களின் தொடர்ச்சி என்று சொல்லும்" என்றார் ஆசிரியர்.

"யானையைக் கேட்டால் என்ன சொல்லும் என்று என்னைக் கேளுங்கள், மச்சான்" என்றார் மைத்துனர்.

தோப்புக்காரரின் வழக்கு

அவருடைய தோப்புக்குப் போனதும் அந்த வழக்கு விளங்கிற்று. ஒரு மூலையில் தென்னை மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஓர் இரவில் யானைகள் வந்து குருத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன. அணில் மாங்காயைக் கடிப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. "அது தின்றது போக மிச்சம் எனக்கு. ஆனால் தென்னங்கன்று வைத்துக் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம்! நஷ்ட ஈடு என்று எது கொடுத்தாலும் அந்த வருஷங்களைக் கொடுக்க முடியுமா, ஐயா?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. 2021-ல் இந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். மலையின் மறுபக்கத்தில் கேரளத்துப் பெரியாறு காப்பகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து பெரிய காடாக இருப்பதில் தேசத்துக்கே பெருமை. ஆனால் அந்தப் பெருமையின் செலவில் ஒரு பங்கை வேலியோரத்துக் குடியானவர் தம் சொந்தப் பையிலிருந்து கொடுக்கிறார்.

"அப்படியானால் காடு வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டோம்.

அவர் பேசாமல் நம்மைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். எட்டிப் பார்த்தோம், தண்ணீர் பளபளத்தது.

"இது நான் வெட்டிய கிணறு, ஆனால் தண்ணீர் மலை கொடுத்தது. காட்டை வெட்டினால் நாலே வருஷத்தில் இதில் கயிறுதான் இறங்கும், வாளி நனையாது" என்றார்.

அவர் சொன்னதன் உண்மையை விளக்குவது கடினமல்ல. தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவரும் மழையில் பெரும் பகுதியை மலை மேற்குப் புறத்திலேயே வாங்கிக்கொண்டுவிடுகிறது. கிழக்குச் சமவெளிக்கு முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அந்தச் சில வாரத்து மழை மொட்டைப் பாறையில் விழுந்தால் வெள்ளமாக ஓடி ஒரே நாளில் தீர்ந்துபோகும். சருகும் வேரும் நிறைந்த காட்டில் விழுந்தாலோ மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடையாகவும் ஊற்றாகவும் மாதக் கணக்கில் சிறிது சிறிதாகக் கொடுக்கும். மலையடியில் நெல்லும் தென்னையும் மாவும் செழிப்பதையும், கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் கரிசல் மண் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதையும் ஒரே நாளில் பார்த்தவர்களுக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

கோபுரமும் கிளியும்

நடை சாத்துவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தோம். வடபத்ரசாயி சந்நிதியின் ராஜகோபுரம் பதினொரு நிலை. உயரம் சுமார் 192 அடி. தமிழ் நாட்டு அரசாங்க முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்பது உலகறிந்த செய்தி. 1949-ல் சென்னை அரசாங்கம் அந்த முத்திரையை ஏற்றுக்கொண்டது. 'இல்லை, அது மதுரை மேலைக் கோபுரம்' என்று வாதிப்பவர்களும் உண்டு. இந்த வாதத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் எழுப்ப வேண்டாம் என்று நேயர்களை எச்சரிக்கிறோம்!

பன்னிரண்டு ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் இருவருக்கும் இதுவே அவதார ஸ்தலம். நந்தவனத்துத் துளசிச் செடியின் அருகே பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது வைஷ்ணவ குருபரம்பரை சொல்லும் கதை. அந்த நந்தவனம் இன்றும் இருக்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் இங்கிருந்து போகிறது.

ஆனால் நம் மனத்தைக் கவர்ந்தது ஆண்டாளின் இடக் கையில் இருக்கும் கிளிதான். மரகதக் கல்லில் செய்த கிளி என்று தூரத்திலிருந்து தோன்றும். உண்மையில் அது இலைக் கிளி. பச்சை இலைகளால் உடலும், மாதுளம் பூவால் அலகும், மூங்கில் குச்சிகளால் கால்களும் அமைத்துத் தினந்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு கிளி செய்ய நாலரை மணி நேரம் ஆகிறதாம். மறு நாள் வேறு இலை, வேறு கிளி. பொன்னாலே செய்து வைத்திருந்தால் ஒரு முறையோடு வேலை முடிந்திருக்கும். இந்த ஊராரோ அன்றன்று செடியில் துளிர்ப்பதை அன்றன்று சமர்ப்பிக்கிறார்கள். செடி துளிர்க்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தோப்புக் கிணற்றடியில் பார்த்துவிட்டுத்தானே வந்தோம்?

பால்கோவா

கோயிலுக்கு அடுத்தபடி பால்கோவாவைச் சொல்லாவிட்டால் வீட்டில் குழந்தைகள் மன்னிக்க மாட்டார்கள். பாலையும் சர்க்கரையையும் தவிர இதில் வேறு ஒன்றும் இல்லை. அகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றி, அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பால் சுண்டிச் சுண்டி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது மணல் மணலாகத் திரண்டு வரும். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊரின் பாலுக்கு ஒரு தனி ருசி உண்டென்று உள்ளூரார் சத்தியம் செய்கிறார்கள்.

"மாடு தின்கிற புல்லில் இருக்கிறது ருசி" என்று ஆசிரியர் ஆரம்பித்தார்.

"மலைக்கு வந்துவிட்டீர்களா, மச்சான்? முதலில் சாப்பிடுங்கள்" என்றார் மைத்துனர்.

இராஜபாளையம்

பிற்பகலில் இராஜபாளையம் போனோம். இந்த ஊர் ஆலைகளுக்குப் பெயர் போனது; நாய்க்கும் பெயர் போனது. பால் போன்ற வெண்ணிறமும், ரோஜா நிற மூக்கும், நீண்ட கால்களும் உடைய இராஜபாளையம் நாயின் படத்தை 2005-ல் இந்தியத் தபால் தலையில் அச்சிட்டார்கள். எஜமானைத் தவிர மற்றவர்களிடம் அது அதிகமாகச் சிநேகம் பாராட்டுவதில்லை. நாமும் தூரத்தில் நின்றே அதன் அழகை ரசித்தோம்.

காந்தி கலைமன்றத்தின் முன்னால் சற்று நேரம் நின்றோம். 1949 ஏப்ரல் முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராகவும், குடியரசு பிறந்த பின் முதன் மந்திரியாகவும் இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தமது சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்து இந்த மன்றத்தை ஏற்படுத்தினார். பதவிக்குப் போனவர்கள் வீடு கட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். இவர் இருந்த வீட்டைக் கொடுத்தார். பொதுச் சொத்து என்ற வார்த்தைக்குப் பொருள் சொல்ல இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

மாலையில் அய்யனார் கோயில் சாலையில் மேற்கே சென்றோம். வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதற்கு அப்பால் காட்டில் அருவி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை இங்கே தேக்கி இராஜபாளையம் நகரத்துக்குக் குடிநீராக அனுப்புகிறார்கள். காலையில் ஒரு கிணற்றில் கண்ட உண்மையை இங்கே ஒரு நகரமே குடிக்கக் கண்டோம்.

"பார்த்தீர்களா? யானை என் தென்னையைத் தின்கிறது. ஊர் என் யானையின் தண்ணீரைக் குடிக்கிறது. கணக்கை மட்டும் என்னோடு முடித்துவிடுகிறார்கள்" என்று மைத்துனர் சிரித்தார்.

காலை முதல் மறுத்துப் பேசி வந்த ஆசிரியர் இப்போது மறுக்கவில்லை. "மாப்பிள்ளை சொல்வது நியாயம்" என்றார்.

நமக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. காட்டைக் காப்பது வேலியோரத்துக் குடியானவரின் தனிக் கடமை அல்ல. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள், அந்த நிழலில் களைப்பாறுகிறவர்கள், அந்தப் பாலில் ருசி காண்கிறவர்கள் அத்தனை பேரும் கடன்பட்டவர்கள். சாய்ந்த தென்னைக்குத் தாமதமின்றி உரிய ஈடு கிடைக்க வேண்டும் என்று ஊராரே சேர்ந்து குரல் கொடுத்தால், குடியானவரே காட்டுக்கு முதல் காவலராக நிற்பார். வெளியூரிலிருந்து வருகிற நாமும் செய்யத்தக்கது உண்டு. பிளாஸ்டிக் பையையும் காலிப் புட்டியையும் ஓடையில் போடாமல் திரும்பலாம். கோடையில் காட்டில் நெருப்பு மூட்டாதிருக்கலாம். வனத்துறையார் அனுமதித்த இடத்துக்கு அப்பால் கால் வைக்காமலும் இருக்கலாம்.

ஆண்டாளுக்கு நாளையும் ஒரு கிளி வேண்டும். அதற்கு இலை வேண்டும்; இலைக்கு மழை வேண்டும்; மழையைத் தாங்கி வைக்க மலைமேல் மரம் வேண்டும். அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் நேயர்கள் கோபுரத்தைச் சேவித்த கையோடு, மேற்கே திரும்பி அந்த மலைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார்களாக!