இரைச்சலுக்குள் ஓர் ஆதார சுருதி

பெர்லினைச் சேர்ந்த இன் எக்ஸ்ட்ரீமோ குழு 1999-ல் ‘ஃபெரேர்ட் உண்ட் அன்கெஷ்பீன்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. மெர்செபுர்க் தேவாலய நூலகத்தில் 1841-ல் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சுவடியின் மந்திரம் அதில் ஒரு பாட்டு. ‘ஹெர் மன்னெலிக்’ என்ற ஸ்வீடன் நாட்டுக் கதைப்பாடலும் உண்டு. பேக்பைப், கைப்பிடியைச் சுழற்றித் தந்திகளை ஒலிக்கச் செய்யும் ஹர்டி-கர்டி போன்ற பழங்கருவிகளோடு ஹெவி மெட்டல் கிட்டார் முழங்குகிறது. இது வெறும் வேடிக்கைக் கலவை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒலியியல் வேறு கதை சொல்கிறது.

மெட்டல் கிட்டாரின் கரகரப்பை டிஸ்டார்ஷன் என்பார்கள். ஆம்ப்ளிஃபையரைத் தாங்குமளவுக்கு மேல் விரட்டினால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாகப் பிறக்கின்றன. சட்ஜம் 110 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 165 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். வித்தியாசம் 55. அது அதே சட்ஜத்தின் கீழ் ஸ்தாயி! யாரும் மீட்டாத அந்த அடிநாதம்தான் நம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரத்தைச் சேர்த்தால், கிட்டாரின் சுருதிப் பகுப்பில் அந்தக் கணக்கு இப்படிச் சுத்தமாக அமையாது, ஒலி கலங்கிவிடும். அதனால்தான் மெட்டல் கிட்டார்காரர்கள் சட்ஜ பஞ்சமத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

பேக்பைப்பின் சுருதிக் குழல்களும் ஹர்டி-கர்டியின் சுருதித் தந்திகளும் ஆதாரமாக நிறுத்துவது பெரும்பாலும் இதே சட்ஜத்தையும் பஞ்சமத்தையும்தான்.

பேக்பைப்பில் பலமாக, மெதுவாக என்று வாசிக்க வழியில்லை. நிறுத்தி வாசிக்கவும் முடியாது. ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க, இடையில் வேறொரு சுரத்தை விரலால் தட்டியெடுக்க வேண்டும். கூம்புத் துளையும் இரட்டைச் சீவாளியும் கொண்ட அதன் வாசிப்புக் குழல் நம் நாதஸ்வரத்துக்கு உறவு. மேல்சுரங்கள் அதில் நிறைந்திருக்கும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியிலும் அவை வலுவாக இருப்பதால், கிட்டார் சுவரைத் துளைத்துக்கொண்டு மெட்டு வெளியே வருகிறது.

ஹர்டி-கர்டியில் ஒரு தந்தியைத் தாங்கும் குதிரைக் கட்டை, ஒரு கால் தளர்வாக நிற்கும். கைப்பிடியைச் சட்டென்று வெட்டிச் சுழற்றினால் அந்தக் கால் பலகையில் படபடவென்று அடித்துக் கரகரக்கும். மின்சாரத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கலைஞர்கள் கரகரப்பை விரும்பித் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் இடைக்காலப் பாணிச் சந்தைகளில் இன்று முழங்கும் உரத்த பேக்பைப், 1980-களில் கிழக்கு ஜெர்மனியில் உருவான வடிவம். தோற்றம் பழையது, உள்ளமைப்பு ஸ்காட்லாந்துப் பாணி. அதனால் அதன் இசை மதிப்பு குறைந்துவிடாது.

கேட்பதென்றால் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது.