பந்து போட்டால் சோறு கிடைக்குமா?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்கினால், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பக்கம்தான். 1920-ல் சென்னையில் இதைத் தொடங்கியவர் அமெரிக்கரான ஹாரி க்ரோ பக். அவர் படித்த ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் 1891-ல் கூடைப்பந்தே பிறந்தது!

ஆட்டம் வந்துவிட்டது. வருமானம்?

ஜெர்மனியில் 1966 முதல் தேசிய லீக் நடக்கிறது. இன்று அங்கே வீரர்களுக்குக் கிளப்பே சம்பளம் தருகிறது. இங்கே அந்த இடத்தில் இருப்பவை ரயில்வேயும் வங்கிகளும்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டால், 'படிப்பை விட்டுட்டு எதுக்கு இந்த ஆட்டம்?' என்ற பேச்சு வீட்டில் அடங்கிவிடும்.

சென்னையின் அனிதா பால்துரை அப்படி தெற்கு ரயில்வேயில் சேர்ந்தவர். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசிய சாம்பியன்ஷிப்களில் இந்தியாவுக்காக ஆடினார். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது.

கிளப் சம்பளம் பெரிதுதான், ஆனால், நிரந்தரமல்ல. 14 முறை ஜெர்மன் சாம்பியனான லெவர்குசன் அணியைத் தாங்கி நின்றது பேயர் மருந்து நிறுவனம். 2008-ல் அது விலகியதும், முதல்நிலை லீக்கில் அந்த அணிக்கு இருந்த இடம் டுசல்டார்ஃப் நகருக்குப் போய்விட்டது.

ரயில்வே வேலை அப்படியல்ல. முழங்கால் ஓய்ந்தாலும், மாதச் சம்பளம் ஓயாது. தாம்பரத்தில் மகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு அந்தத் தைரியம் போதும்.