ஆட்டுச் சீம்பால் யாருக்கு உரியது?

சீம்பாலைப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து, மனிதரின் நோய்கள் அனைத்தையும் அது தடுக்கும் என்று கூறி விற்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. ஆடு வளர்க்கும் நம் அங்கத்தினர்கள் இதன் உண்மையை அறிந்திருத்தல் அவசியம். குட்டியின் உயிரும் குடும்பத்தின் ஆரோக்கியமும் இதில் அடங்கியுள்ளன.

ஆடு ஈன்றதும் மடியில் முதன்முதல் சுரக்கும் தடித்த மஞ்சள் நிறப் பாலே சீம்பால். பின்னர் சுரக்கும் பாலைவிட இதில் புரதம் மிக அதிகம். அப்புரதத்தில் பெரும் பங்கு நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களாகும்.

மனிதக் குழந்தைக்கு எதிர்ப்பொருள்கள் கருவிலேயே நச்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்து சேர்கின்றன. ஆட்டின் நச்சுக்கொடியோ அவற்றைக் கடத்துவதில்லை. ஆகவே குட்டி பாதுகாப்பு ஏதுமின்றியே பிறக்கிறது. அக்குறையை நீக்கவே இயற்கை சீம்பாலை அளித்திருக்கிறது. பிறந்த சில மணி நேரம் வரை குட்டியின் குடல் எதிர்ப்பொருள்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்தில் சேர்க்கும். நேரம் செல்லச் செல்ல இத்திறன் குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். எனவே ஈன்ற 1 அல்லது 2 மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலை ஊட்டவேண்டும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு தேவை. அதாவது 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு 200 மில்லி அளவு, பலமுறையாகப் பிரித்து ஊட்டவேண்டும்.

இனி மனிதருக்கு வருவோம். வளர்ந்தவர் குடல் சீம்பாலின் எதிர்ப்பொருள்களை மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். அவை இரத்தத்தில் சேர்வதில்லை. குறிப்பிட்ட கிருமிக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட பசுக்களின் சீம்பாலைக் கொண்டு, குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தணிக்கும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அது தனியாகத் தயாரிக்கப்பட்ட மருந்து. அதன் பலனைக் கடையில் விற்கும் ஆட்டுச் சீம்பால் பொடிக்கு ஏற்றிக் கூறுதல் நியாயமாகாது. சீம்பால் சத்துள்ள உணவு. சர்வரோக நிவாரணி அன்று.

பச்சையாக அருந்துவதில் அபாயமும் உண்டு. மால்டாத் தீவில் பரவிய காய்ச்சலுக்குரிய கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். நோயின்றித் தோன்றிய ஆடுகளே அதைச் சுமக்கின்றன என்பதை 1905இல் தெமிஸ்டாக்லிஸ் சாமிட் வெளிப்படுத்தினார். 1906இல் அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. புருசெல்லா என்னும் அக்கிருமி இன்றும் உலகின் பல பகுதிகளில் ஆடுகளிடம் காணப்படுகிறது. ஆதலால் சீம்பாலை நன்கு காய்ச்சியே உண்ணவேண்டும். வெல்லமும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சித் திரண்ட சீம்பாலில் எதிர்ப்பொருள்கள் சிதைந்துபோயினும் புரதச்சத்துக்குக் குறைவில்லை.

கைக்குழந்தைக்கு உரியது தாயின் சீம்பாலே. பிறந்த 1 மணி நேரத்துக்குள் அதை ஊட்டத் தொடங்கவேண்டும். மஞ்சளாக இருக்கிறதென்று அதைப் பீய்ச்சி எறிதல் கூடாது. அதற்குப் பதிலாக ஆட்டுச் சீம்பாலைப் புகட்டுதலும் ஆகாது.

குட்டி வயிறார உண்டபின் எஞ்சுவதே நமக்குரியது. அதிலும் நோயற்ற ஆட்டின் சீம்பாலைச் சிறிது உறையவைத்துச் சேமித்தல் நன்று. தாயை இழந்த குட்டி பிறக்குங்கால், அதை வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கி ஊட்டலாம். அண்டை அங்கத்தினர் வீட்டுக் குட்டியின் உயிரையும் அது காக்கக்கூடும். கூட்டுறவின் பயனும் அதுவே அன்றோ?