நீரில் கால் பதித்துக் காத்திருக்கும் சிலந்தி

சிலந்தி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? திருக்குர்ஆனின் 29-ஆம் அத்தியாயம் ‘அல் அன்கபூத்’ எனச் சிலந்தியின் பெயரையே தாங்கி நிற்கிறது. நபி (ஸல்) அவர்கள் தங்கிய ஸவ்ர் குகையின் வாயிலில் சிலந்தி வலை பின்னியதாக வழங்கும் செய்தியையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால், இரை பிடிக்க வலையே பின்னாமல் நீரோரத்தில் காலம் கழிக்கும் சிலந்திகளும் வல்ல அல்லாஹ்வின் படைப்பில் உண்டு.

அவற்றுள் ஒன்றை ஆங்கிலேயர் ‘ஃபென் ராஃப்ட் ஸ்பைடர்’ என்பர். சதுப்பு நிலத் தெப்பச் சிலந்தி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உடல் ஏறத்தாழ 2 செ.மீ. நீளமே, கால்களை விரித்தாலோ உள்ளங்கை அகலம் வரும்! பின்கால்களால் ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு, முன்கால்களை நீர்ப்பரப்பின்மேல் மெல்லப் பதித்துக் காத்திருக்கும். பூச்சியொன்று விழுந்து துடித்தால் எழும் சிற்றலை, கால்வழியே அதற்குச் செய்தி சொல்லிவிடும். மறுகணமே நீர்மேல் ஓடிப் பற்றும். தலைப்பிரட்டையும் சிறு மீனும்கூடச் சிலவேளை இரையாவதுண்டு. ஆபத்து நேர்ந்தால் நீருள் மூழ்கும். உடல் மயிர்களில் சிக்கிய காற்று வெள்ளிப் போர்வைபோல் மின்னும்.

இதன் தாய்மையைக் கேளுங்கள். முட்டைப் பையைத் தாய்ச்சிலந்தி ஏறத்தாழ மூன்று வாரங்கள் வாயில் கவ்வியே திரியும். முட்டைகள் காய்ந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பையை நீரில் நனைத்தெடுக்கும். பொரிக்கும் வேளை நெருங்கியதும் நீருக்கு மேலே, இலைகளுக்கிடையே, கூடாரம்போல் ஒரு வலை பின்னும். வேட்டைக்குப் பின்னாத வலையைப் பிள்ளைகளுக்காகப் பின்னுகிறது! நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கலைந்து செல்லும்வரை அங்கேயே காவல்.

நீரே வற்றிவிட்டால்? அதுவும் நடந்தது. பிரிட்டனில் இச்சிலந்தியை 1956-ல் எரிக் டஃபி என்னும் ஆய்வாளர் முதன்முதலாகக் கண்டது, கிழக்கு இங்கிலாந்தின் ரெட்கிரேவ்–லோபம் சதுப்பில். சில ஆண்டுகளுக்குள் அதனருகே மக்களின் குடிநீருக்கென ஆழ்துளைக் கிணறு போட்டனர். நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது, ஊற்றுகள் அடங்கின, சதுப்பு காய்ந்தது. எஞ்சிய சிலந்திகள் சில குட்டைகளில் ஒடுங்கின. கோடையில் அக்குட்டைகளுக்குக் குழாய் வழியே நீர் விட வேண்டியதாயிற்று. சிலந்திக்காகக் குடிநீரை விட்டுவிடுங்கள் என்று ஊராரிடம் யார்தான் சொல்வது? கடைசியில் 1999-ல் கிணற்றையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். மக்களுக்கும் நீர் கிடைத்தது. சதுப்பிலும் ஈரம் திரும்பியது.

ஆயினும் சிலந்திகள் எளிதில் பெருகிவிடவில்லை. ஆகவே 2010 முதல் குஞ்சுகளை வளர்த்துப் புதிய இடங்களில் குடியேற்றத் தொடங்கினர். ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு சோதனைக் குழாய்! பழ ஈக்களை ஊட்டி வளர்த்து, ஆயிரக்கணக்கில் மேய்ச்சல் நிலத்து வாய்க்கால்களில் விட்டனர். அவ்வாய்க்கால்களின் மேல் இப்போது கோடைதோறும் கூடார வலைகள் தென்படுகின்றன.