பாறைப் பாதைக்கு ஒரு பழைய லாண்ட் றோவர்

மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தார் றோட்டு தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே மூன்று கிலோமீற்றர் தூரத்தில் மேற்கணக்கு லயங்கள் இருக்கின்றன. இடையில் உள்ளதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மழைநீர் மண்ணை அரித்துச் சென்றுவிட, பாறைப் படிகளும் உருண்டைக் கற்களுமே எஞ்சியுள்ளன. நடுவே ஓர் ஓடையும் குறுக்கிடுகிறது. பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு தீண்டியவரையும், இரண்டு தடிகளில் சாக்கைக் கோத்து, நான்கு பேர் தோளில் சுமந்து இறங்குவதே அங்கு வழக்கம். சுமப்பவர்களுக்கு அன்றைய ‘பேர்’ விழாது. அம்புலன்ஸ் வண்டி கீழே தொழிற்சாலை வாசலில் காத்து நிற்கும்.

கடந்த ஆண்டு அந்த லயத்து மக்கள் சிலர் எமது பயிற்சிப் பட்டறைக்கு வந்தார்கள். தோட்டத்துக் கொட்டகையில் பல வருடங்களாகப் புல் முளைத்துக் கிடந்த ஒரு லாண்ட் றோவர் பிக்கப் வண்டியைத் தோட்ட நிர்வாகம் அவர்களுக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தது. “இதை எப்படியாவது எங்கள் பாதையில் ஏற வைத்துத் தாருங்கள்” என்பதே அவர்களது வேண்டுகோள். சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பணத்தைக் கையில் வாங்கியபோதே எமக்குச் சற்றுப் பயம் பிடித்துக்கொண்டது.

ஏன் இந்தப் பழைய வண்டி?

லாண்ட் றோவர் முதன்முதலில் 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் இரும்புத் தகட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவியது. ஆகவே அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். வேளாண்மைக்கென உருவான வண்டி என்பதால் உறுப்புகள் பெரும்பாலும் போல்ட் பூட்டியவை. கழற்றலாம், மாற்றலாம், மீண்டும் பூட்டலாம். எமக்குக் கிடைத்தது 1961 முதல் 1971 வரை விற்பனையான ‘இரண்டு ஏ’ வகையைச் சேர்ந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 109 அங்குலம். 2286 கன சென்ரிமீற்றர் டீசல் இயந்திரம். அதன் வலு 60 குதிரைவலுவை ஒட்டியதே.

இத்தகைய பழைய வண்டிகளைப் பாறையில் ஏறும் விதமாக மாற்றிக் கட்டுவது அமெரிக்காவில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள ரூபிக்கன் பாதையில் 1953 முதல் ஜீப் வண்டிகள் கூட்டமாக ஏறி வருகின்றன. அங்குள்ளவர்கள் கண்டறிந்த நுட்பங்கள் எமக்கும் பயன்படும். ஆனால் அவர்களது வண்டி கவிழ்ந்தால் அது விளையாட்டில் ஒரு பகுதி. எமது வண்டியில் படுத்திருப்பவர் ஒரு நோயாளி. இந்த வேறுபாட்டைப் பயிலுநர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லி வைத்தோம்.

அடிச்சட்டமே அத்திவாரம்

அலுமினிய உடல் பளபளப்பாக இருந்தது. ஆனால் அடியிலுள்ள இரும்புச் சட்டம் பெட்டி வடிவானது; நீரும் சேறும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சிறு சுத்தியலால் சட்டம் முழுவதும் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். பின் குறுக்குச் சட்டத்தில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. துருவின் மேல் தகட்டை வைத்து வெல்டிங் செய்வது வீண். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டினோம். அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொடும் இடங்களில் ஈரம் பட்டால் அரிப்பு உண்டாகும் என்பதால், இடையில் றப்பர்த் துண்டுகளை வைத்தோம்.

வேகமல்ல, மெதுவே வலு

பயிலுநர் ஒருவர் கேட்டார்: “இதிலும் பெரிய லொறி இயந்திரம் ஒன்றைப் போட்டால் இலகுவாக ஏறாதா?” பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாறையில் ஏறத் தேவை பெரிய இயந்திரமல்ல. சக்கரம் மெதுவாகவும் உறுதியாகவும் சுழல்வதே. இந்த வண்டியில் சாதாரண கியர்ப்பெட்டியுடன், வேகத்தைக் குறைக்கும் இன்னொரு பெட்டியும் உண்டு. அதைத் தாழ்நிலையில் போட்டு முதலாம் கியரில் ஓட்டினால், இயந்திரம் ஏறத்தாழ 40 தடவை சுற்றும்போது சக்கரம் ஒரு தடவை சுற்றும். இயந்திரம் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றினால் சக்கரம் 25 சுற்று. அப்போது வண்டியின் வேகம் மணிக்கு மூன்றரை முதல் நான்கு கிலோமீற்றர். அதாவது மனிதர் நடக்கும் வேகம். அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர் இரண்டு குறைப்புப் பெட்டிகளை அடுத்தடுத்துப் பூட்டி இந்த விகிதத்தை 100க்கு மேலும் கொண்டுபோகிறார்கள். எமது பாதைக்கு 40 போதும் என்று முடிவு செய்தோம். விகிதம் கூடக் கூட, சக்கரத்துக்குப் போகும் அச்சுகளின் மீதான முறுக்கும் கூடும் அல்லவா?

நான்கு காலும் நிலத்தில்

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காக அக்சிலின் நடுவிலுள்ள டிபரென்ஷியல் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. பாறையில் இதுவே தொல்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் அது வீணே சுழலும். நிலத்திலுள்ள சக்கரம் சும்மா நிற்கும்.

டிபரென்ஷியலை வெல்டிங் வைத்து இறுக்கிவிடலாம் என்று சிலர் ஆலோசனை கூறினார்கள். அது செலவு குறைந்த வழிதான். ஆனால் தார் றோட்டில் வண்டி திரும்ப மறுக்கும், அச்சும் முறியும். நாம் வேறு வழியை எடுத்தோம். துருவால் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்த ஸ்பிறிங் தகடுகளைக் கழற்றி, தேய்த்து, கிறீஸ் பூசி மீண்டும் அடுக்கினோம். அதன்பின் அக்சில் தாராளமாகச் சாய்ந்து, சக்கரங்கள் பள்ளத்திலும் நிலத்தைத் தொட்டன. அக்சில் கூடுதலாக இறங்கும்போது பிறேக் குழாய் இழுபட்டு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக நீளமான குழாய்களைப் பூட்டினோம். எரிபொருள் தாங்கிக்கும் டிபரென்ஷியல் உருண்டைகளுக்கும் அடியில் கனமான தகட்டுக் கவசம் வைத்தோம். பாறையில் ஏறுமுன் ரயரின் காற்றைக் குறைத்தால் அது கல்லைப் பற்றிப் பிடிக்கும். ஆனால் ரியூப் உள்ள ரயரில் அளவுக்கு மீறிக் குறைத்தால், ரயர் வளையத்தில் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடும். தார் றோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். இதற்காகக் கைப்பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கிறது.

அன்று நடந்தது

முதற் பரீட்சார்த்த ஏற்றம். வண்டியில் சாரதியைத் தவிர யாருமில்லை. ஓடையைக் கடந்தவுடன் செங்குத்தான பாறைப் படி ஒன்று இருக்கிறது. இடது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. பின்சக்கரம் ஒன்று வழுக்கிச் சுழன்றது. சாரதி பதற்றத்தில் அக்சிலேற்றரை அழுத்தினார். சுழன்ற சக்கரம் திடீரெனக் கல்லைப் பற்றிய அதே கணத்தில் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கராஜ்காரர் ‘ஹாவ் சாப்ட்’ என்று சொல்லும் அரையச்சு முறிந்துவிட்டது.

வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியது. சாரதி கைப்பிறேக்கை இழுத்தார், நிற்கவில்லை. ஏனெனில் இந்த வண்டியில் கைப்பிறேக் சக்கரங்களில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்னால், சக்கரங்களுக்குப் போகும் தண்டையே அது பிடிக்கிறது. பின்னால் அச்சு முறிந்துவிட்டது. முன்னால் ஒரு சக்கரம் அந்தரத்தில். ஆகவே தண்டு நின்றாலும் வண்டி உருளும். கால்பிறேக்கோ ஓடைநீரில் நனைந்து பிடிக்கவில்லை. பக்கத்தில் மரக்கட்டையுடன் நடந்து வந்த வயதான மெக்கானிக் பாஸ், அதைப் பின்சக்கரத்தின் கீழ் எறிந்தார். வண்டி ஒரு குலுக்கலுடன் நின்றது. நாம் எல்லோரும் சிறிது நேரம் பேசவில்லை.

“தம்பி, ஏறுவதற்கு நாலு மாதம் வேலை செய்தோம். நிற்பதற்கு எவ்வளவு நேரம் வேலை செய்தோம்?” என்று அவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

மறுபடியும் பட்டறைக்கு

சக்கரத்தின் நடுவிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றி அச்சின் வெளித்துண்டை அங்கேயே இழுத்தெடுத்தோம். உள்ளே சிக்கிய துண்டை வெளியே எடுக்க அரை நாள் பிடித்தது. அச்சின் பற்கள் முறுகியிருந்தன. அது பல வருடங்களுக்கு முன்னரே நோயுற்ற அச்சு; நாம் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. அது எமது தவறு. பின்னர் நான்கு அரையச்சுகளையும் பரிசோதித்து, பின்னால் இரண்டையும் புதிதாக மாற்றினோம். பிறேக் முழுவதையும் புதுப்பித்தோம். அதன்பின் பாதைக்குச் சில விதிகளும் வகுத்தோம்:

பாறையில் ஏறும்போது கிளச்சைத் தொடுவதில்லை. சக்கரம் சுழன்றால் அக்சிலேற்றரை விடவேண்டும், அழுத்தக் கூடாது. ஓடையைக் கடந்ததும் பிறேக்கை மெல்ல மிதித்து உலர்த்த வேண்டும். கயிறு கட்டிய மரக்கட்டையுடன் இருவர் வண்டியின் இரு பக்கமும் நடக்க வேண்டும். பின்னால் எவரும் நிற்கக் கூடாது. கடும் மழையில் வண்டி ஏறாது. மாற்று அரையச்சு ஒன்றும் அதற்கான சாவிகளும் எப்போதும் வண்டியில் இருக்கும்.

இன்னொரு வேலையும் நடந்தது. லயத்து மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பாதைக்குக் குறுக்கே கல் அடுக்கி, மழைநீரைப் பக்கத்துக் கானுக்குத் திருப்பினார்கள். நீர் பாதையிலேயே ஓடும்வரை எந்த வண்டியும் நெடுநாள் ஏற முடியாது என்பது அவர்களுக்கு எம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வாசகர்களுள் எவராவது இத்தகைய முயற்சியில் இறங்க நினைத்தால், சட்டத்தை வெட்டுவதற்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் வண்டியோடு ஒத்திருக்க வேண்டும்.

வண்டியில் முதலில் இறங்கியவர் ஒரு கர்ப்பிணி. பின்தட்டில் மெத்தை விரித்துப் படுக்க வைத்தோம். சாரதி ஒரு தடவையும் அவசரப்படவில்லை. கூடவே நடந்து வந்த மாமியார் வண்டிக்கு முன்பே தொழிற்சாலை வாசலை அடைந்துவிட்டார். “இதைவிட நடந்தே வந்திருக்கலாமே!” என்று அவர் சொல்ல, மருமகள் படுத்தபடியே சிரித்தார். அன்று தடி பிடிக்க வேண்டிய நான்கு பேரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.