திறமூல மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்பும் தமிழாய்வும்

பழங்கணக்கு ஓலைகளில் பயிலும் முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்னக் குறிகளை உள்ளடக்கிய 51 குறியீடுகள், 2019 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் தனித் தொகுதியாக இடம்பெற்றன. ஆனால் 2018இல் வெளிவந்த பைத்தன் 3.7இன் எழுத்துத் தரவுத்தளம் ஒருங்குறி 11ஐ ஒட்டியது. அதனிடம் முந்திரியின் வகையை வினவினால், ஒதுக்கப்படாத இடம் என்றே விடை வரும். 2019 அக்டோபரில் வந்த பைத்தன் 3.8 அதனை எண் என்று கொள்ளும், மதிப்பையும் தரும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஒரே ஓலையின் மின்பதிப்பை இரு ஆய்வாளர் இவ்விரு பதிப்புகளைக் கொண்டு சொற்பிரித்தால், முன்னவரின் நிரல் அப்பின்னக் குறிகளைப் பிழைச்செய்தி எதுவுமின்றி விட்டுவிடும்; எண்ணிக்கைகள் ஒவ்வா. இதற்கான விளக்கம் 3.8இன் வெளியீட்டுக் குறிப்பில் உள்ளது. எழுத்துத் தரவுத்தளம் ஒருங்குறி 12.1க்கு உயர்த்தப்பட்டது என்னும் ஒரே வரி அது. தமிழ் என்ற சொல் அவ்வரியில் இல்லை.

குனூ திட்டத்தின் நிரலாக்க நெறிகள் இருவகை ஆவணங்களைப் பிரித்துரைக்கின்றன. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவது ஒன்று. பயனர் உணரத்தக்க மாற்றங்களை மட்டும் கூறுவது மற்றொன்று. முன்னதை அப்படியே அச்சிட்டுப் பின்னதெனப் பெயரிடும் திட்டங்கள் இன்றும் பல. அது சோம்பலே என்பது என் கருத்து. நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு வகுத்த எட்டனுள் கேட்போர், பயன் என்னும் இரண்டும் இத்தகைய குறிப்புகளில் காணப்படுவதில்லை.

குறிப்பை வெளியீட்டு நாளன்று நினைவிலிருந்து எழுதுவதும் பயன்தராது. பைத்தன் திட்டத்தில், குறிப்பிடத்தக்க மாற்றம் ஒவ்வொன்றுடனும் அதற்கான செய்தியும் தனிக் கோப்பாக அளிக்கப்படுகிறது. வெளியீட்டின்போது அவை தொகுக்கப்படுகின்றன. அனைவரும் ஒரே கோப்பைத் திருத்துவதால் எழும் மோதலும் இதனால் தவிர்க்கப்படுகிறது. மாற்றத்தைச் செய்தவரே, அதன் காரணம் மறவாதபோதே எழுதுகிறார் என்பதே இம்முறையின் பெரும்பேறு.

தமிழ்க் கருவிகளை உருவாக்கும் குழுக்கள் இம்முறையை எளிதில் மேற்கொள்ளலாம். மேற்கண்ட நேர்வில் வேண்டியிருந்தது இவ்வளவே: “தமிழ்ப் பின்னக் குறிகள் இனி எண்களாகக் கொள்ளப்படும், அவை பயிலும் ஆவணங்களின் முந்தைய சொல்லெண்ணிக்கைகளை மீளக் கணக்கிடுக.” ஆய்வாளரும் தம் கட்டுரையில் மென்பொருளின் பெயரோடு நில்லாது பதிப்பெண்ணையும் ஒருங்குறிப் பதிப்பையும் குறித்தல் வேண்டும், சுவடியின் எண்ணைக் குறிப்பதுபோல.